தோணிக்காரன் எங்கே?

விசா விண்ணப்பத்தில் "பயணத்தின் நோக்கம்" என்ற இடத்தில் அவர் "சரிபார்த்தல்" என்று எழுதியிருந்தார். உல்லாசப் பயணம், உறவினரைப் பார்த்தல், வியாபாரம், கல்வி என்று நான்கு சதுரங்கள் அச்சடித்து வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றையும் தொடாமல் "வேறு" என்பதற்கு எதிரே புள்ளடி போட்டு, பக்கத்தில் அந்த ஒற்றைச் சொல்.

நான் ஜெர்மனியில், எசன் நகரத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பின்னறையில் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன். அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் ஒரு நகராட்சி அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். கூடவே நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன். எந்த விண்ணப்பம் எந்தக் கதவால் உள்ளே போய் எந்தக் கதவால் வெளியே வரும் என்பது எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு இந்த அறிவை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்களுக்கு உதவி செய்கிறேன்.

"தங்கச்சி, இதில உல்லாசப் பயணம் எண்டு போடுங்கோ," என்றேன்.

"நான் உல்லாசத்துக்குப் போகேல்லை அண்ணை."

"அதை அவையளுக்குச் சொல்லத் தேவையில்லை."

"கேட்டிருக்கினமே."

இந்தப் பதிலை அவர் வாயிலிருந்து நான் மொத்தம் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்டது ஒரு நீதிமன்ற வாசலில்.

அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. தனி மனிசி. வருடத்து விடுமுறை முழுவதையும் சேர்த்து, அதனோடு சம்பளமில்லாத லீவு நாலு கிழமை எடுத்துக்கொண்டு, மேற்கு ஆபிரிக்காவுக்குப் போவார். திரும்பி வந்து, பாரிஸிலிருந்து வரும் ஒரு சிறு தமிழ் மாத இதழில் பயணக் கட்டுரை எழுதுவார். அந்த இதழை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சந்தா கட்டியிருந்தேன். எங்கள் ஆட்கள் அவரை ஆபிரிக்கா அக்கா என்றார்கள். அவர் முகத்துக்கு நேரே மரியாதையாகவும், அவர் போனபின் வேறு மாதிரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் நடைபாதையில் கிடந்த ஒரு பெட்டி. இங்கே வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய சாமான்களைப் பெட்டியில் போட்டு "இனாம்" என்று எழுதி வாசலில் வைத்துவிடுவார்கள். அப்படியொரு பெட்டியில், ஒரு பீங்கான் கோழிக்கும் கேக் தட்டுக்கும் இடையில், முதுகு கிழிந்த புத்தகம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பெண் ஒருத்தி, கல்யாணம் கட்டாதவள், கறுப்புப் பாவாடையும் குடையுமாகக் கமரூன் நாட்டு ஆறுகளின் வழியே தனியாகப் போய் வந்து எழுதியது. அதன் பழைய ஜெர்மன் மொழிபெயர்ப்பு. முறுக்கெழுத்தில் அச்சடித்தது. இன்றைய ஜெர்மன்காரரே அதை வாசிக்கத் திணறுவார்கள்.

"உங்களுக்கு எப்பிடி அது விளங்கினது?" என்று கேட்டேன்.

"எனக்கு இங்கத்தை எழுத்து எல்லாம் ஒரே கஷ்டம்தானே அண்ணை. இது கூடக் கஷ்டம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

சலவைக்கூடத்தில் தேநீர் இடைவேளைகளில் இரண்டு வருடம் வாசித்தார். வாசித்து முடித்ததும் அவருக்கு வந்தது வியப்பல்ல, சந்தேகம். அந்த ஆங்கிலப் பெண் எல்லாம் தெரிந்தவள் போல எழுதியிருந்தாள். இந்த ஊரார் சோம்பேறிகள், அந்த ஊராருக்கு எண்ணத் தெரியாது, இங்கிருந்து அங்கே போக இத்தனை மணித்தியாலம். "உதெல்லாம் சரியோ எண்டு ஆரும் போய்ப் பாத்தவையோ?" என்று என்னிடம் கேட்டார். நூற்றுச் சொச்சம் வருடமாகப் பாரிஸ், லண்டன், பெர்லின் என்று எத்தனையோ பேராசிரியர்கள் பார்த்திருப்பார்கள் என்றேன். "அவையள் புத்தகத்தைப் பாத்திருப்பினம்," என்றார்.

"சரிபார்த்தல்" என்ற சொல்லைக் கண்ட கமரூன் தூதரகம் அவரைக் கணக்காய்வுக்குப் போகிறவர் என்று நினைத்து நேர்காணலுக்குக் கூப்பிட்டது. இதைத்தான் நான் சொன்னேன் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி எனக்கு. அவர் புத்தகத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, கோடு போட்ட இடங்களைக் காட்டியிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி சிரித்துவிட்டு விசாவைக் கொடுத்து, என்ன கண்டீர்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள் என்றாராம். அது ஒரு மரியாதைப் பேச்சு. இவர் திரும்பி வந்து பதினொரு பக்கம் எழுதி அனுப்பினார்.

அவருடைய கைப்பையில் எப்போதும் மூன்று பென்சில்கள் இருக்கும். புத்தகத்தின் ஓரங்களில் எழுதுவதற்கு. "இல்லை. நான் பார்த்தது வேறு." இந்த வரி அந்தப் புத்தகத்தில் நாற்பது ஐம்பது இடத்தில் இருக்கும். சரியாக இருந்த இடங்களில் "ஓம்" என்று மட்டும். பொய் சொல்கிறவளைப் பிடிக்கப் போனவர் அல்ல. "ஓம்" போடக் கிடைக்கும்போது அவருக்குச் சந்தோஷம். ஒரு பறவையின் குரலைப் பற்றி அந்தப் பெண் எழுதியதற்கு இரண்டு "ஓம்" போட்டிருந்தார்.

ஒன்றை மட்டும் அந்த ஆங்கிலப் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவள் தூரத்தைக் காலடி எண்ணி எழுதினாள் என்று முன்னுரையில் இருந்ததாம். இவரும் எண்ணத் தொடங்கினார். முதலில் அங்கே, பிறகு இங்கேயும். ட்ராமிலிருந்து இறங்கி எங்கள் பின்னறைக்கு வந்தால், "முந்நூற்றி எண்பது" என்று சொல்லிக்கொண்டுதான் கதிரையில் இருப்பார். போன கிழமை முந்நூற்று எழுபத்தாறு என்றீர்களே என்றால், "வாசல்ல சைக்கிள் நிண்டது. சுத்தி வந்தனான்," என்பார்.

அவர் சீலையோடு காட்டில் நடந்தார் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லப் பிடிக்கும். மேடையில் அறிமுகம் செய்தவர்களும் அப்படியே சொன்னார்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்ததும் முதல் வேலையாக, "மழைக் காற்சட்டை. மலிவுக் கடையில வாங்கினது. சீலை சேத்துக்குச் சரிவராது," என்று திருத்திவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பிள்ளைகளுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். சிங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கோ என்று ஒரு பிள்ளை கேட்டது.

"சிங்கம் காணேல்லை."

"பாம்பு?"

"மூண்டு. அதில ஒண்டு செத்தது."

"அப்ப என்னத்துக்குப் போனீங்கள்?"

சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, அது நல்ல கேள்வி என்றும் யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். அடுத்த கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் பதில் எழுதி அனுப்பினார். தாய் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள், இது ஏதும் பிரச்சினையான கடிதமோ என்று கேட்டு.

இப்படிப்பட்டவரை ரசிக்கலாம், பக்கத்தில் வைத்திருப்பது கஷ்டம். எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர் இறந்தபோது முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு எழுதித் தரும்படி வீட்டார் அவரைக் கேட்டார்கள். கல்வெட்டு என்பது இறந்தவரைப் பற்றி அச்சடித்துப் பந்தியில் கொடுக்கும் சிறு புத்தகம். அதில் எல்லா மனிதரும் வள்ளல்கள், சிரித்த முகத்தினர். எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் இது தெரியும். இவர் எழுதிக் கொடுத்தார்: "அவர் தன் தம்பியோடு எட்டு வருடம் கதைக்கவில்லை. என்னோடு நன்றாகக் கதைப்பார். ஒருமுறை எனக்காக மழையில் நாற்பது நிமிடம் காத்து நின்றார்." அச்சுக்குப் போகும் முன் யாரும் பார்க்கவில்லை. தம்பி பந்தியை விட்டு எழுந்து போனார். அந்த வீட்டு மகன் இவரை மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து, ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டான். நான் பக்கத்தில் நின்றேன்.

"அவரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கினமே," என்றார்.

அவரிடம் வன்மம் துளியும் இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. கேட்டால் சொல்வார். யார் கேட்டாலும், எதைக் கேட்டாலும். பின்னால் என்ன நடக்கும் என்பது அவருடைய படிவத்தில் ஒரு கட்டமாகவே இல்லை.

அவரோடு சலவைக்கூடத்தில் கமரூன் நாட்டுப் பெண் ஒருவர் வேலை செய்தார். இடைவேளையில் ஒருநாள் அந்தப் பெண் தன் ஊர் ஆற்றின் பெயரைச் சொல்ல, இவர், "ஓம், ஆறு வருஷத்துக்கு முந்தி அதின்ர கரையில நடந்தனான்," என்றிருக்கிறார். இப்படியொரு தற்செயல் கதையில் வந்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். ஆனால் இவர் அந்த ஆங்கிலப் பெண் போன இடமெல்லாம் ஒன்று விடாமல் போனவர். அந்த ஆற்றோரத்து ஆட்களில் யார் எசனுக்கு வந்திருந்தாலும் இவரிடம் அகப்பட்டிருப்பார்கள்.

அந்தப் பெண்ணின் கணவர் இறந்தபின், கணவரின் தமையன் அவரைத் தனக்கு மனைவியாக எடுக்கப் பார்த்திருக்கிறான். மறுத்ததற்கு அடி. வீட்டைக் கொளுத்துவேன் என்று மிரட்டல். ஒரு விடியற்காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு கிராமத்தை விட்டு ஓடி வந்தார். அகதி விண்ணப்பத்தை அதற்கான அலுவலகம் மறுத்துவிட்டது. மறுப்புக் கடிதத்தில் ஒரு பத்தி முக்கியமானது. கிராமத்திலிருந்து ஆற்றுத்துறைக்கு அரைநாள் நடந்ததாக விண்ணப்பதாரர் சொல்கிறார். வரைபடத்தின்படி அது நாலு கிலோமீட்டர். எனவே அவருக்கு அந்த இடமே தெரியாது. எனவே மற்றதும் நம்பத்தக்கதல்ல. இந்த "எனவே"க்களை நான் நன்றாக அறிவேன். என் காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன்.

வழக்குப் போட்டார்கள். வழக்கும் தோற்றால் தாயும் மகளும் திருப்பி அனுப்பப்படுவார்கள். எங்கே என்று கேட்கத் தேவையில்லை.

விசாரணைக்கு மூன்று கிழமை இருக்கும்போது இவர் பயணத்தில் எழுதிய தன் கட்டக் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் தன் கையால் இலக்கம் போட்டிருந்தார். முப்பத்தோராம் பக்கத்திலிருந்து முப்பத்துநாலு வரை அந்தப் பாதை. கிராமத்தின் கடைசி வீட்டிலிருந்து துறை வரை இருபத்தோராயிரத்து நானூற்று அறுபது காலடி. சதுப்பைச் சுற்றித்தான் போகலாம், நேர்வழி கிடையாது. மூன்று முறை இருந்து எழும்பியது சேர்த்து ஐந்து மணித்தியாலம் பத்து நிமிடம். எந்த இடத்தில் பாலமாகப் போட்ட மரம் விழுந்து கிடக்கிறது, எங்கே முழங்காலளவு சேறு, எல்லாம்.

"இது தங்கம்," என்றேன். வழக்கில் இப்படியொரு சான்று கிடைப்பது அபூர்வம். வழக்குக்கு வருடங்களுக்கு முன், வழக்கோடு சம்பந்தமில்லாத ஒருவர், யாருக்கும் காட்டும் எண்ணமில்லாமல் எழுதியது.

பிறகு பக்கத்தைத் திருப்பினேன். முப்பத்தைந்து.

கிராமத்தின் கீழ்ப்புறம் சதுப்பில் ஒரு தோணி ஓடுகிறது, அதில் போனால் துறைக்கு ஒரே மணித்தியாலம் என்று எழுதியிருந்தது. அந்த ஆங்கிலப் பெண் ஒரு மணித்தியாலம் நடந்தேன் என்று எழுதியது இதைத்தான், அவள் நடக்கவில்லை, தோணியில் போனாள், தோணிக்காரனை எழுதாமல் விட்டுவிட்டாள் என்று பெரிய எழுத்தில். கீழே தோணிக்காரனின் தோற்றம் பற்றிச் சில வரிகள்.

ஒரு மணித்தியாலத்தில் போகத் தோணி இருக்கும்போது, பிள்ளையோடு தப்பி ஓடுகிற ஒருத்தி ஏன் ஐந்து மணித்தியாலம் நடந்தாள்? எதிர்த்தரப்பு இதைத்தான் கேட்கும். நானாக இருந்தால் நானும் இதைத்தான் கேட்பேன்.

"முப்பத்தொண்டிலயிருந்து முப்பத்துநாலு வரைக்கும் ஜெர்மனுக்கு மாத்துவம். இதை விடுவம்," என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"சாற்றுப்பகுதி, அதாவது முழுசில ஒரு துண்டு, எண்டு மேல போட்டால் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. நான் பொய் எழுதச் சொல்லேல்லை தங்கச்சி. எழுதாமல் விடச் சொல்லுறன்."

"அந்த மனிசியும் தோணிக்காரனை விட்டவதான்," என்றார். "பொய் எழுதேல்லை. விட்டவ. அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் அலுவலகமும் வரைபடமும் சொல்லுது. நூறு வருஷமாய் ஆரும் தோணிக்காரனைத் தேடேல்லை."

"இது புத்தகமில்லை. அவவின்ர உயிர்."

"ஓம். அதாலதான் முழுக்க மாத்துங்கோ."

நான் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் நாலு பக்கத்தை மொழிபெயர்த்தேன். மேலே "பக்கங்கள் 31 முதல் 34 வரை, சாற்றுப்பகுதி" என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்திட்டு வழக்கறிஞருக்கு அனுப்பினேன். அந்தப் பெண் அலுவலகத்தில் கொடுத்த வாக்குமூலத்தை நான் வாசித்திருக்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கறிஞர் தந்திருப்பார். கேட்கவில்லை. எது தேவை எது தேவையில்லை என்பதுதான் எனக்குத் தெரியுமே. என் வாழ்நாளில் நான் விதியை மீறியது கிடையாது. பிழை செய்ததெல்லாம் விதிக்கு உட்பட்டுத்தான்.

விசாரணை பக்கத்து நகரத்தில். சின்ன அறை. ஒரே நீதிபதி, மூக்கின் நுனியில் கண்ணாடி போட்ட பெண். எதிர்த்தரப்புக் கதிரை காலியாக இருந்தது. பொதுமக்கள் வரிசையில் நான் மட்டும். அந்தக் கமரூன் பெண் வழக்கறிஞருக்குப் பக்கத்தில், அவருக்குப் பின்னால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர். கொப்பி நீதிபதியின் மேசையில் இருந்தது. சாட்சி உண்மையைச் சொல்ல வேண்டும், எதையும் மறைக்கக்கூடாது என்று வழமையான வார்த்தைகளை நீதிபதி சொன்னபோது, இவர் அதைப் புதிதாகக் கேட்கிறவர் போல உன்னிப்பாகக் கேட்டார். நான் கீழே பார்த்தேன்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகப் போனது. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லி, தன் சலவைக்கூட ஜெர்மனிலேயே பதில் சொன்னார். நடந்தீர்களா? நடந்தேன். எப்படி அளந்தீர்கள்? எண்ணினேன். எண்ணும்போது பிழை விடமாட்டீர்களா? "நூறுக்கு ஒருக்கால் கல்லொண்டை மற்றப் பொக்கற்றுக்கு மாத்துவன்." நீதிபதி சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வாயருகே பிடித்து ஒவ்வொரு பதிலையும் சொல்லிப் பதிந்துகொண்டார். வழக்கறிஞரின் தோள்கள் தளர்வதைப் பின்னாலிருந்தே பார்த்தேன்.

பிறகு நீதிபதி அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். எல்லா நீதிபதிகளும் எல்லாச் சாட்சிகளிடமும் கோப்பை மூடிக்கொண்டே கேட்பது. "இதற்கு மேல் ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

இருபத்தெட்டு வருடத்தில் இதற்கு ஆம் என்று சொன்ன ஒருவரை நான் கண்டதில்லை.

"ஓம்," என்றார் அவர். "இன்னொரு பக்கம் இருக்குது. முப்பத்தஞ்சு. அது மாத்தேல்லை."

நீதிபதி கொப்பியைத் திறந்து, தனக்குப் புரியாத எழுத்தைப் பார்த்துவிட்டு, இதை மொழிபெயர்த்தவர் இருக்கிறாரா என்று கேட்டார். நான் எழுந்தேன். முன்னால் கூப்பிட்டார். முன்பு செய்த சத்தியத்தை இங்கும் ஏற்கிறீர்களா என்று கேட்டார். ஏற்கிறேன் என்றேன்.

"இந்தப் பக்கம் ஏன் இல்லை?"

"31 முதல் 34 வரையான சாற்றுப்பகுதி என்று முதல் தாளிலேயே குறிப்பிட்டிருக்கிறேன்."

"அது என் கேள்விக்குப் பதில் அல்ல," என்றார். ஆனால் மறுபடி கேட்கவில்லை. கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார். "வாசியுங்கள்."

வாசித்தேன். தோணி, ஒரு மணித்தியாலம் என்ற வரி வந்ததும் வழக்கறிஞரின் பேனை நின்றது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் என்னைவிட இரண்டு வசனம் பிந்தி அந்தப் பெண்ணின் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இரண்டு வசன இடைவெளியில் நான் ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். நிறுத்த ஏலாது. வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

"தோணிக்காரனுக்கு வலது கையில் பெருவிரல் இல்லை. துடுப்பைச் சிவப்புத் துணியால் மணிக்கட்டோடு கட்டியிருக்கிறான். என்னை ஏறச் சொன்னான். நான் நடக்க வந்தனான் என்று மறுத்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணை அவன் ஏற்றவில்லை. ஏன் என்று கேட்டேன். சிரித்தான். இந்த ஊரில் யார் துறைக்குப் போகலாம் என்பதை இவன்தான் முடிவு செய்கிறான்."

இரண்டு வசனம் பிந்தி, அந்தப் பெண் மேசையின் விளிம்பைப் பிடித்தார். ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி கேட்டார்.

"அது அவன்தான்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"யார்?" என்று கேட்டார் நீதிபதி.

"என் புருஷனின் தமையன்."

நீதிபதி கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்று, விரலை வைத்து வாசித்தார். பிறகு கருவியை எடுத்து, அலுவலக வாக்குமூலத்தின் ஒன்பதாம் பக்கத்தை உரக்கப் பதிந்தார். துரத்தியவனின் அடையாளம் கேட்கப்பட்டபோது, வலது கைப் பெருவிரல் இல்லை, மரம் அரியும்போது போனது என்று விண்ணப்பதாரர் சொல்லியிருக்கிறார்.

"தோணியை ஓட்டுவது அவன் என்று நீங்கள் அப்போது சொல்லவில்லையே?"

"தோணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை," என்றார் அந்தப் பெண்.

வெளியே வந்ததும் வழக்கறிஞர் இவரைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஆகும் என்று தெரிந்தா சொன்னீர்கள் என்று கேட்டார். பெருவிரல் பற்றி முன்பே தெரியுமா?

"எனக்கு ஒண்டும் தெரியாது. அவவின்ர வாக்குமூலத்தை நான் பாக்கேல்லை."

"பிறகு ஏன் சொன்னீர்கள்? எல்லாம் கெட்டிருந்தால்?"

முதல் முறையாக அவர் முகத்தில் களைப்பைக் கண்டேன். ஜெர்மனில் பதில் வரவில்லை போலும், என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"கேட்டிருக்கினமே அண்ணை."

ட்ராம் நிலையம் வரை மூன்று பேரும் நடந்தோம். கமரூன் பெண் இவர் கையைப் பிடித்தபடி வந்தார். என் திருட்டைப் பற்றி இவர் எப்போது பேச்செடுப்பார் என்று நான் காத்துக்கொண்டே நடந்தேன். மேடையில் மழைக் காற்சட்டையைத் திருத்தியவர், செத்தவரின் பகையை அச்சில் போட்டவர். நிலையத்தில் நின்று, "இருநூற்றிப் பதினாலு," என்றார். பிறகு ட்ராமில் ஏறினார்.

ஐந்து கிழமை கழித்துத் தீர்ப்பு தபாலில் வந்தது. தாயும் மகளும் இருக்கலாம்.

அதன்பின் அவர் சனிக்கிழமைகளில் வரவில்லை. கொண்டாட்டங்களில் கண்டால் "சுகமோ அண்ணை" என்பார். நான் அந்த இதழின் சந்தாவை நிறுத்தினேன். விசாரணை நாளைப் பற்றி அவர் எழுதாமல் விடமாட்டார் என்று தெரியும். அதில் நானும் இருப்பேன் என்றும் தெரியும். இவ்வளவு காலமும் என்னிடம் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்காததற்குக் காரணம், அந்த இதழை ஒருவரும் வாசிப்பதில்லை என்பதே என்று நம்பினேன். என் நற்பெயர் தமிழர்களின் வாசிப்புப் பழக்கத்தால் காப்பாற்றப்பட்டு வந்தது.

போன மாசியில் அவர் காலமானார். ஆபிரிக்காவில் அல்ல, தான் விரிப்புகளைச் சலவை செய்த அதே ஆஸ்பத்திரியில், நுரையீரல் நோயால். கல்வெட்டு அடிக்க அவருக்கு ஆட்கள் இல்லை. இரண்டு கிழமை கழித்துக் கமரூன் பெண் ஒரு துணிப்பையோடு என் வீட்டு மணியை அடித்தார். உள்ளே அந்தக் கிழிந்த புத்தகமும், கொப்பிகளும், இதழ் ஒன்றும் இருந்தன.

"எங்களில் தமிழ் வாசிக்கிறவர் நீங்கள்தான்," என்றார் ஜெர்மனில். "இதில் நான் இருக்கிறேன் என்று அவர் சொன்னார். என்ன எழுதியிருக்கிறது?"

மறுப்பதற்கு எனக்கு ஒரு நடைமுறையும் அகப்படவில்லை. அவரை அமர்த்தி, கோப்பி போட்டுக் கொடுத்து, இதழைத் திறந்தேன். நீதிபதியின் கண்ணாடி இருந்தது. காலிக் கதிரை இருந்தது. நிலையம்வரை இருநூற்றுப் பதினாலு அடி இருந்தது. ஒவ்வொரு வரியாக ஜெர்மனில் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு அந்த வரி.

"முப்பத்தைந்தாம் பக்கத்தை மொழிபெயர்ப்பாளர் கவனிக்கவில்லை."

அதற்கு மேல் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் இரண்டு தரம் வாசித்தேன். சிங்கம் இல்லாத இடத்தில் சிங்கம் எழுதாதவர். என் பின்னறையில் நேருக்கு நேர் இருந்து, முழுக்க மொழிபெயர்க்கச் சொன்னவர். கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்டார் கமரூன் பெண்.

ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னேன். துணிப்பையின் அடியில் ஒரு பென்சில் கிடந்தது, மொட்டையாய்ப் போனது. அதை எடுத்து, அந்த வரியின் ஓரத்தில், அந்தக் கிழிந்த புத்தகத்தில் அவர் எழுதிய அளவிலேயே சின்னதாக எழுதினேன்.

"இல்லை. கவனித்தேன்."

பிறகு அதையும் அந்தப் பெண்ணுக்கு ஜெர்மனில் வாசித்துக் காட்டினேன்.